எருசலேம் போகும் மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

எருசலேம் போய்வந்து குறிப்பு எழுதும் கிறிஸ்தவ மாணவர்கள் அதிகம் சறுக்குவது நகர மதில் விஷயத்தில்தான். இயேசு "நகர வாசலுக்குப் புறம்பே" பாடுபட்டார் என்கிறது எபிரெயர் நிருபம். அவர் சிலுவையில் அறையப்பட்டு அடக்கமான இடமாகக் கருதப்படும் திருக்கல்லறை ஆலயமோ மதிலுக்குள் இருக்கிறது. உடனே, "இந்த இடம் பொய்" என்று எழுதிவிடுகிறார்கள். இன்று நிற்கும் மதில் ஒட்டோமான் சுல்தான் சுலைமான் காலத்தில், 1537–41இல் கட்டியது. இயேசுவின் காலத்தில் அந்த இடம் ஊருக்கு வெளியே, கல் வெட்டி முடித்து, கல்லறைகள் குடைந்திருந்த பழைய குவாரி. சிலுவை மரணத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஏரோது அகிரிப்பா வடக்கே எழுப்பத் தொடங்கிய மதில்தான் அதை ஊருக்குள் சேர்த்தது.

தமாஸ்கு வாசலுக்கு வெளியே, இயேசுவின் கல்லறை என்று சிலர் சொல்லும் தோட்டக் கல்லறையை 'அசல்' என்று எழுதுவது இதற்கு நேர் எதிரான தவறு. அமைதியாக ஜெபிக்க அருமையான இடம், அதில் சந்தேகமில்லை. ஆனால் தொல்லியலாளர் பலர் அந்தக் குகையை இயேசுவுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியதாகக் கணிக்கிறார்கள். யோவான் சொல்வது "புதிய கல்லறை".

திருக்கல்லறை ஆலய வாசலைத் தாண்டியதும் எல்லோரும் முழங்காலிட்டுத் தொடும் செந்நிறப் பலகைக்கல்லும் 1808 தீ விபத்துக்குப் பின், 1810 சீரமைப்பில் பதித்தது. தொட்டு ஜெபியுங்கள், "இயேசுவின் உடல் கிடந்த கல்" என்று மட்டும் எழுதாதீர்கள்.

அடுத்தது நாள் கணக்கு. வெள்ளி மாலை யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கினால் சனி இருட்டும்வரை நகர ரயிலும் பெரும்பாலான பஸ்களும் ஓடாது. யூதர்கள் ஜெபிக்கும் மேற்குச் சுவரருகே அந்த நேரத்தில் படம் எடுக்கக் கூடாது, எழுதவும் கூடாது. நோட்டைத் திறந்தாலே யாராவது வந்து தடுப்பார்கள். முஸ்லிம்களின் அல்-அக்சா வளாகம் வெள்ளியும் சனியும் பிற மதத்தாருக்குக் கிடையாது. மற்ற நாட்களிலும் குறித்த சில மணி நேரம்தான், அதுவும் முக்ராபி வாசல் வழியாக மட்டும். வேதாகமத்தை அறையிலேயே வைத்துவிடுங்கள், சோதனையில் நிறுத்திவிடுவார்கள்.

வெள்ளி பிற்பகலை மட்டும் வீணாக்க வேண்டாம். பிரான்சிஸ்கன் துறவிகள் சிங்க வாசலருகே தொடங்கி சிலுவைப்பாதை நடத்துகிறார்கள். குளிர்காலத்தில் மூன்று மணி, கோடையில் நான்கு. பதினான்கு நிலைகளில் கடைசி ஐந்து திருக்கல்லறை ஆலயத்துக்குள்.

அந்த ஆலயத்தில் குழுவாகப் பாட ஆரம்பிக்காதீர்கள். ஆறு சபைகள் பங்கிட்டுக்கொண்ட இடம், யாருடைய ஆராதனையாவது நடந்துகொண்டிருக்கும். தமிழ்க் கீர்த்தனை பாட ஆசையென்றால் பெதஸ்தா குளத்தருகே புனித அன்னாள் ஆலயம் இருக்கிறது. பக்திப் பாடல்தான் அனுமதி. எதிரொலி நீளமாக வரும், மெதுவாகப் பாடினால்தான் வார்த்தை புரியும்.