அப்டேட் முடிந்ததும் பாக்ஸில் நெட் இல்லையா? ரீசெட் துளையில் கை வைக்காதீர்கள்

ராத்திரி அப்டேட் கேட்டது, சரி என்று அழுத்தினோம், காலையில் டிவி பாக்ஸில் நெட் இல்லை. தக்கலை, குலசேகரம், குளச்சல் என்று எந்த ஊரிலிருந்து கூப்பிட்டாலும் பேச்சு இப்படித்தான் தொடங்குகிறது. பழி உடனே அப்டேட் மேல் விழுகிறது. ஆனால் நம் குமரி மாவட்டத்தில் ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. அதே ராத்திரியில் தென்னை மட்டை விழுந்து பைபர் ஒயர் அறுந்திருக்கலாம். கரண்ட் போய் வந்ததில் ரூட்டர் ஒழுங்காக எழும்பாமல் இருக்கலாம். அப்டேட்டுக்குப் பிறகு வந்த கோளாறு அப்டேட்டால்தான் வந்தது என்று முடிவு கட்டுவதே முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

பாக்ஸிலிருந்து ரூட்டர் வரை ஒரு வழி. ரூட்டரிலிருந்து வெளி உலகத்துக்கு ஒரு வழி. படங்களை வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தால் அதற்குப் போகும் வழி வேறு. இந்த மூன்றில் எது அடைபட்டது என்று தெரியும்வரை எந்த செட்டிங்கையும் மாற்ற வேண்டாம்.

சோதிக்கும்போதே ஒரு சறுக்கல் நடக்கும். போன வாரம் உறவுக்காரர் ஒருவரிடம் போனில் பேசியது இது:

"மாமா, டேட்டாவ அணைச்சிட்டு யூடியூப் ஓடுதான்னு பாத்தீங்களா?"

"அது எதுக்கு மக்கா, மேல வைஃபை சின்னம் தெரியுதே."

அந்தச் சின்னம் போன் ரூட்டரோடு சேர்ந்திருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். ரூட்டருக்கு அப்பால் நெட் இல்லையென்றால் பல போன்கள் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும். வீடியோ ஓடும், நாமும் பாக்ஸ்தான் கெட்டுவிட்டது என்று நம்பிவிடுவோம். டேட்டாவை அணைத்தபின் மாமாவின் போனிலும் ஒன்றும் ஓடவில்லை. போய்ப் பார்க்கச் சொன்னால், பைபர் மோடத்தில் (பைபர் ஒயர் வந்து சேரும் பெட்டி, பல வீடுகளில் ரூட்டரும் அதுவே) எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிகிறது. அந்த விளக்கு சிவந்தால் ஒயர் வழியாக வர வேண்டிய ஒளி வீட்டுக்கு வரவில்லை என்று அர்த்தம். இனி பாக்ஸில் எதைத் தட்டினாலும் பயன் இல்லை, லைன்காரரைத்தான் கூப்பிட வேண்டும்.

அடுத்து, எல்லாவற்றிலும் மோசமான தவறு. மோடத்தின் பின்னால் சின்னத் துளைக்குள் ஒரு ரீசெட் பட்டன் இருக்கும். குண்டூசியால் அதை அழுத்திப் பிடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பைபர் இணைப்புகள் பலவற்றில் உங்கள் கணக்கின் யூசர் பெயர், பாஸ்வேர்டு, லைன்காரர் போட்டுவைத்த விலான் என்ற இணைப்பு எண் எல்லாம் அந்த மோடத்துக்குள்தான் இருக்கின்றன. நீளமாக அழுத்தினால் அத்தனையும் அழிந்துவிடும். பாக்ஸில் மட்டும் இல்லாத நெட் அப்புறம் வீட்டில் யாருக்குமே இருக்காது. மழை நாளில் அறுந்த லைன்களைக் கட்ட ஓடிக்கொண்டிருப்பவர் உங்கள் மோடத்தை மறுபடி அமைக்க எப்போது வருவார்? ரூட்டரை அணைத்து, ஒரு நிமிடம் விட்டுப் போடுவது வேறு, ரீசெட் வேறு. முதலாவதைத் தாராளமாகச் செய்யலாம். பாக்ஸையே ஃபேக்டரி ரீசெட் செய்வதும் கடைசிக் கட்டம்தான். ஆப், லாகின், பார்த்தது பார்க்காததன் கணக்கு எல்லாம் போய்விடும்.

போனில் வைஃபை வழியாக ஒழுங்காக ஓடுகிறது, பாக்ஸில் மட்டும் இல்லை என்றால், பாக்ஸின் நெட்வொர்க் பக்கத்தில் ஐபி எண்ணைப் பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் ரூட்டர் கொடுத்த எண்தான். 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து எண் கிடைக்காமல் பாக்ஸ் தானே ஒன்றை வைத்துக்கொண்டது. அந்த வைஃபை பெயரை மறக்கச் சொல்லிவிட்டுப் புதிதாகச் சேருங்கள். கடலோரத்தில் லான் ஒயர் போட்டிருப்பவர்கள் பிளக்கைக் கழற்றி அதன் பின்களையும் பாருங்கள், உப்புக்காற்றில் அவை கறுத்துப்போகும்.

பக்கத்து வீட்டு வைஃபை பெயரெல்லாம் தெரிகிறது, நம்முடையது மட்டும் தெரியவில்லையா? உடனே பாஸ்வேர்டை மாற்றத் தொடங்காதீர்கள். வைஃபை ஓடும் அலைவரிசைப் பிரிவுகளுக்குச் சேனல் என்று பெயர். அப்டேட்டில் பாக்ஸின் நாடு அமெரிக்கா என்று மாறியிருந்து, ரூட்டர் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 12 அல்லது 13ஆம் சேனலில் ஓடினால், அது பாக்ஸின் கண்ணுக்கே படாமல் போகலாம். இந்தியாவில் 13 வரை அனுமதி உண்டு. நாட்டை இந்தியா என்று வையுங்கள், அல்லது ரூட்டரில் 1, 6, 11 இவற்றில் ஒரு சேனலைத் தேர்ந்தெடுங்கள். அப்டேட் ஆனது ரூட்டர் என்றால், பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று மாறியிருக்கிறதா பாருங்கள். பழைய பாக்ஸ்களுக்கு அது தெரியாது. 2, 3 இரண்டும் கலந்த முறை வேண்டும்.

இனி கம்ப்யூட்டரில் படம் வைத்திருப்பவர்களின் சங்கதி. கல்யாண வீடியோ, முதல் நற்கருணை வீடியோ, வளைகுடாவிலிருந்து பிள்ளைகள் அனுப்பியது எல்லாம் ஒரு ஃபோல்டரில் இருக்கும். பாக்ஸில் கோடி (Kodi) மாதிரி ஒரு வீடியோ பிளேயரில் அதைத் திறந்தால், அனுமதி இல்லை என்று ஒரு வரி வந்து நிற்கும். யூடியூப் மட்டும் நன்றாக ஓடும். நெட்டில் குறையே இல்லை, அதனால்தான் பலர் இங்கே குழம்புகிறார்கள். விண்டோஸ் ஃபோல்டரைப் பகிரும் முறைக்கு எஸ்எம்பி என்று பெயர். அதன் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் உலகமெங்கும் பரவியது. அந்த ஆண்டின் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல், புதிதாக நிறுவும்போது அந்தப் பழைய முறை வருவதில்லை. பிளேயர்களும் இரண்டாம், மூன்றாம் பதிப்புக்கு மாறின. வீட்டிலுள்ள கம்ப்யூட்டர்களைப் பட்டியலிட்டுக் காட்டும் வசதியோ பழைய பதிப்பை நம்பியிருந்தது. அதனால் பட்டியலில் தேடினால் கிடைக்காது.

இதற்கு நெட்டில் எளிதாகக் கிடைக்கும் அறிவுரை, முதல் பதிப்பை மறுபடி இயக்கு, கம்ப்யூட்டரின் காவல் வேலியான ஃபயர்வாலை அணை என்பதுதான். படம் ஓடும், உண்மை. ஆனால் மூடிய ஓட்டையை நாமே திறக்கிறோம். பட்டியலில் தேடுவதை விட்டுவிட்டு, பிளேயரில் நெட்வொர்க் இடத்தைச் சேர்க்கும் பக்கத்தில் கம்ப்யூட்டரின் ஐபி எண், ஃபோல்டர் பெயர், யூசர் பெயர், பாஸ்வேர்டு நான்கையும் கையால் அடியுங்கள். பாஸ்வேர்டு என்ற இடத்தில் விண்டோஸ் திறக்கும் நாலு இலக்கப் பின் எண்ணைப் போடாதீர்கள். அந்தப் பின் அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து திறக்க மட்டும்தான்; பகிர்ந்த ஃபோல்டருக்குக் கணக்கின் பாஸ்வேர்டே வேண்டும். அப்படியும் திறக்கவில்லையென்றால் கம்ப்யூட்டரில் நெட்வொர்க் வகை பப்ளிக் என்று மாறியிருக்கலாம், பிரைவேட் ஆக்குங்கள். ரூட்டரில் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு நிலையான ஐபி எண்ணும் ஒதுக்கி வையுங்கள், இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்தபின் எண் மாறி மறுபடி தேட வேண்டிவரும்.

சிலர் ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் பலகையையே டிவி பாக்ஸாக வைத்திருப்பார்கள். ராஸ்பெரி பை 4 வரை உள்ள பலகைகளில் கடிகாரத்துக்குத் தனி பேட்டரி கிடையாது. கரண்ட் போனால் பழைய தேதியோடு எழும்பும், தேதி தவறினால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாது, ஆப் எல்லாம் நெட் இல்லை என்று சொல்லும். திரை மூலையில் நேரத்தை ஒரு முறை பாருங்கள்.

முன்பின் தெரியாத தளத்திலிருந்து வேறு மாடலின் ஃபர்ம்வேரை, அதாவது பாக்ஸை இயக்கும் மென்பொருளை, இறக்கிப் போடுவதும் வேண்டாம், பாக்ஸ் திரும்ப எழும்பாமலே போகலாம். இடி மின்னல் நேரத்தில் அப்டேட் கேட்டால் பிறகு என்று தள்ளிவிடுங்கள். கரண்ட் நிலையாக இருக்கும் பகலில், இன்வெர்ட்டர் லைனில் செருகி, பழைய அமைப்புகளை ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டுத் தொடங்கினால் போதும்.