எல்லாம் தெரிந்த இரட்டையர்: இளையோர் நாவலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினைந்து வயது இரட்டையர், மனத்தால் அறியும் ஆற்றல், ஆபத்தில் சிக்கும் நண்பர்கள். இளையோருக்காக எழுத உட்காருகிறவர்களை இந்தக் கரு சுலபமாக இழுத்துவிடும். நல்ல கருதான். ஆனால் இரட்டையருக்கு எல்லாம் தெரிந்துவிட்டால் மூன்றாம் அத்தியாயத்திலேயே கதை படுத்துவிடும்.

ஆற்றலுக்கு அளவு வைக்காததுதான் முதல் பிழை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1930களில் ஜே. பி. ரைன் என்ற ஆய்வாளர் இந்த ஆற்றலைச் சோதிக்க நடத்திய சீட்டுச் சோதனையைப் பாருங்கள். மறைத்துவைத்த சீட்டில் என்ன குறி என்று சொல்ல வேண்டும். ஒரு சீட்டுக்கட்டில் 25 சீட்டுகள். வட்டம், கூட்டல் குறி, அலைக்கோடு, சதுரம், நட்சத்திரம் என ஐந்து குறிகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து சீட்டுகள். வாய்க்கு வந்ததைச் சொன்னாலே சராசரியாக ஐந்து சரியாகிவிடும். ஏழு, எட்டு என்று தொடர்ந்து சொன்னவர்களே அங்கே அபூர்வப் பிறவிகள். கட்டுப்பாட்டை இறுக்கி மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்த அபூர்வமும் நிற்கவில்லை. அது ஆய்வாளர்களின் கவலை. நமக்கு அந்த எண் போதும். எட்டு சரி என்றால் பதினேழு தப்பு. ‘இன்றைக்கு அந்த பஸ்ஸில் ஏறாதே’ என்று பதினேழு முறை வீணாகத் தடுத்தவளின் பேச்சை அடுத்த முறை எந்தத் தோழி கேட்பாள்? நாவல் அங்கேதான் தொடங்குகிறது.

முன்கூட்டித் தெரிந்தால் போதும், தடுத்துவிடலாம் என்று நினைப்பது அடுத்த பிழை. சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்குக் கனவிலேயே தெரிந்துவிடுகிறது: வேற்றூரில் வீண்பழி, கோவலனுக்குத் தீங்கு, அரசன் முன் வழக்கு, ஊருக்கே கேடு. தோழி தேவந்தி பரிகாரமும் சொல்கிறாள்: சோமகுண்டம், சூரியகுண்டம் என்ற பொய்கைகளில் மூழ்கிக் காமவேள் கோயிலைத் தொழு என்று. ‘பீடன்று’ (அது பெருமையல்ல) என்று ஒரே சொல்லில் மறுத்துவிடுகிறாள் கண்ணகி. வரப்போவது தெரியும், வழியும் காட்டப்பட்டது, ஆனாலும் அவள் குணம் அந்த வழியில் போகவிடவில்லை. உங்கள் இரட்டையரின் நண்பனுக்கும் அப்படி ஒரு குணம் வேண்டும். எச்சரித்த பிறகும் அவன் போக வேண்டும். போவதற்கு அவனிடம் நியாயமான காரணம் இருக்க வேண்டும்.

இருவருக்கும் ஒரே ஆற்றலைக் கொடுத்துவிட்டு, ஒருவர் தொடங்கிய வாக்கியத்தை மற்றவர் முடிப்பதாக எழுதுவது இன்னொரு வழக்கம். இரண்டு பக்கம் ரசிக்கலாம், பிறகு ஒரே பாத்திரத்துக்கு இரண்டு பெயர் வைத்ததுபோல் ஆகிவிடும். பங்கு பிரியுங்கள். யாழினிக்குப் படம் மட்டும் தெரியட்டும்: கல்குவாரியின் ஈரப் பாறைமேல் ஒரு ஜோடி செருப்பு, அறுந்த வாரில் ஊக்கு குத்தியிருக்கிறது. எந்த நாள், யாருடையது, எதுவும் தெரியாது. தம்பி கவினுக்கு யாரோ ஒரு நண்பனின் பயம் மட்டும் கேட்கட்டும், காரணம் கேட்கக் கூடாது. இனி அவள் டியூஷன் வாசலிலும் கோயில் வாசலிலும் கழற்றிப் போட்டிருக்கும் செருப்புகளைக் குனிந்து பார்த்துக்கொண்டே போவாள். நண்பர்கள் சிரிப்பார்கள். ஊக்குக் குத்திய செருப்பு இரண்டு பேரிடம் இருந்தால் இன்னும் நல்லது.

ஆபத்தும் இப்படிக் கிட்டத்தில் இருப்பதே நல்லது. ரகசிய ஆய்வகம், கறுப்புக் கண்ணாடி ஆட்கள் எல்லாம் வாசகர்கள் பார்த்துச் சலித்தவை. அமெரிக்க உளவுத்துறையே இருபது ஆண்டுகளுக்கு மேல் இத்தகைய ஆற்றல்களைச் சோதித்துப் பார்த்துவிட்டு, உளவு வேலைக்கு உதவாது என்று 1995இல் கடையைக் கட்டிவிட்டது.

உடற்கூறுப் பிழைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு கரு இரண்டாகப் பிரிந்து பிறப்பவர்களே அச்சு அசலாக இருப்பார்கள். யாழினி, கவின் போன்ற அக்காள் தம்பி இரட்டையர் இரு கருக்களிலிருந்து வருகிறவர்கள், சாதாரண உடன்பிறப்புகள் அளவுக்கே ஒத்திருப்பார்கள். அவர்களை ஆள்மாறாட்டம் செய்யவிடாதீர்கள். அச்சு அசலான இரட்டையருக்கும் கைரேகை வேறு வேறு. முகம் பார்த்துத் திறக்கும் செல்போன் அவர்களிடம் ஏமாறலாம், விரல் வைத்துத் திறப்பது ஏமாறாது. வழக்கமான டிஎன்ஏ சோதனையும் அவர்களைப் பிரித்துக் காட்டாது. துப்பறியும் கிளைக்கதைக்கு இது உதவும்.

சந்தேகப்படும் பெரியவரை முட்டாளாக்கும் பழக்கத்தையும் விடுங்கள். இங்கிலாந்தில் 1880களில் கிரீரி சகோதரிகள் என்ற சிறுமிகள் மனத்தைப் படிப்பதாகப் பெயர் வாங்கி, கற்றறிந்த ஆய்வாளர்களையே நம்பவைத்தார்கள். 1887இல், ஒருவருக்கொருவர் ரகசியச் சைகை கொடுத்துக்கொண்டது பிடிபட்டது. ஆகவே ‘கண் ஜாடையில் பேசிக்கொள்கிறீர்களா?’ என்று கேட்கும் கணக்கு ஆசிரியர் நல்ல கேள்விதான் கேட்கிறார். இருவரையும் வேறு வேறு வகுப்பில் உட்காரவைத்துச் சோதிக்கும் அளவுக்கு அவருக்கு மூளை இருந்தால் அந்த அத்தியாயம் தானாக எழுதிக்கொள்ளும்.

கடைசியாக, பலர் யோசிக்காத ஒன்று. நண்பனைக் காப்பதற்காக அவன் மனத்துக்குள் புகுவது அவன் டைரியைத் திருட்டுத்தனமாகப் படிப்பதைவிடப் பெரிய மீறல். கவின் கேட்ட பயம் கல்குவாரித் தண்ணீரைப் பற்றியதாகவே இருக்க வேண்டியதில்லை. வீட்டில் அப்பா குடித்துவிட்டு அடிப்பதை அந்த நண்பன் இதுவரை யாரிடமும் சொல்லாதிருக்கலாம். இப்போது கவினுக்குத் தெரியும். தெரியும் என்பதும் ஒருநாள் அந்த நண்பனுக்குத் தெரியவரும். காப்பாற்றியதற்கு நன்றி சொல்வதற்கு முன் அவன் கவினிடம் என்ன கேட்பான் என்பதை எழுதிப் பாருங்கள். ஆற்றலைப் பயன்படுத்தும்போதெல்லாம் மூக்கில் ரத்தம் வரவைக்கும் தேய்ந்துபோன உத்தி அதன்பிறகு உங்களுக்குத் தேவைப்படாது.