கால் வளைந்து பிறந்த பூனைக்குட்டியை வளர்ப்பது எப்படி?

பிறந்த குட்டியின் முன்னங்கால் உள்பக்கமாக மடங்கியிருப்பதைப் பார்த்தால் மனசு பதறும். பதறினாலும், அதை இழுத்து நிமிர்த்திப் பார்க்காதீர்கள்.

படி 1: முதலில் கால்நடை மருத்துவர்

தசைநார் இறுகியிருக்கிறதா, எலும்பே சரியாக உருவாகவில்லையா? தொட்டுப் பார்த்தும் எக்ஸ்ரே எடுத்தும் சொல்வார். இறுகிய நார் பல குட்டிகளுக்குப் பயிற்சியிலேயே தளர்ந்துவிடும். எலும்பு சரியாக உருவாகாத கால் பயிற்சியால் நிமிராது. அதற்கேற்ப வீட்டைத்தான் மாற்ற வேண்டும். நாள் கடத்தாதீர்கள், முதல் சில வாரங்களில்தான் கால் வளைந்துகொடுக்கும்.

படி 2: எடை

கூடப் பிறந்தவை முண்டியடிக்கும்போது இந்தக் குட்டிக்குப் பால் கிடைக்காமல் போகலாம். தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். பிறக்கும்போது சுமார் 100 கிராம் இருக்கும், நாளுக்கு 10 கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் பூனைக்குட்டிகளுக்கான பால்பவுடர் கொடுங்கள், பசும்பால் வேண்டாம். குப்புற வைத்தே ஊட்டுங்கள், மல்லாத்தினால் புரையேறும்.

படி 3: நீட்டும் பயிற்சி

மருத்துவர் ஒருமுறை செய்து காட்டிய பிறகே தொடங்குங்கள். பால் குடித்துவிட்டுக் கண் சொருகும் நேரம்தான் சரியான நேரம். கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஒரு கையால் முழங்கைக்கு மேலே தாங்கி, மறு கையின் இரண்டு விரலால் பாதத்தை மெல்ல நீட்டுங்கள். லேசான எதிர்ப்பு தெரியும் இடத்தில் நிறுத்தி, சில நொடி பிடித்து, விடுங்கள். குட்டி கத்தினாலோ காலை வெடுக்கென்று இழுத்தாலோ நீங்கள் அதிகம் நீட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒரே மூச்சில் நிறைய செய்வதைவிட, ஒரு நாளில் நாலைந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதே பலன் தரும். எங்கள் குட்டி விஷயத்தில், உள்ளங்கால் முதல்முறை தரையில் பட்ட அன்று நான் அழுதே விட்டேன்.

படி 4: கட்டு

சிம்பு (காலை நேராகத் தாங்கும் பட்டை) வைத்துக் கட்டுவது மருத்துவர் வேலை. உங்கள் வேலை, விரல் நுனி வீங்கியிருக்கிறதா, சில்லிட்டிருக்கிறதா என்று தினமும் பார்ப்பது. குட்டி வேகமாக வளர்வதால் சில நாளிலேயே கட்டு இறுகிவிடும்.

படி 5: தரையும் நகமும்

வழுக்கும் தரையில் பாய் விரியுங்கள். குட்டி மலம், சிறுநீர் கழிக்கும் மணல்தட்டின் விளிம்பு தாழ்வாக இருக்கட்டும். ஊன்றாத காலின் நகம் தேயாது, வளைந்து பாதத்துக்குள் குத்தும், அடிக்கடி நறுக்குங்கள். அப்புறம், வலிக்கிறதே என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பூனையைக் கொன்றுவிடும்.

வளர்ந்த பிறகும் அந்தக் கால் உரசி உரசிப் புண்ணானால், காலை எடுத்துவிடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மூன்று காலில் பூனைகள் நன்றாகவே ஓடும், ஏறும்.