பழைய ஹாம் வானொலி இதழ்கள்: தேடி, சேர்த்து, வரிசையாகப் படிப்பது எப்படி?

ஹாம் வானொலிக்காரர்களின் (பொழுதுபோக்காக, லைசென்ஸ் பெற்று, சொந்த ரேடியோ நிலையம் வழியாகத் தொடர்பு கொள்பவர்கள்; அமெச்சூர்கள் என்றும் சொல்வார்கள்) பழைய இதழ்களைப் படிக்க ஆசை, ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதற்கு லைசென்ஸ் தேவையில்லை, மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டாம், சால்டரிங் அயர்னைத் தொட்டிருக்கக்கூட வேண்டாம். மாத வரிசையில் படிக்கும் பொறுமை இருந்தால் போதும். ஜூன் இதழில் ஒருவர் கேட்ட சந்தேகத்துக்கு அக்டோபர் இதழில் வேறொருவர் பதில் எழுதியிருப்பார். இடையில் உள்ள இதழ்களைப் புரட்டும்போது நீங்களும் அவரோடு சேர்ந்து காத்திருப்பீர்கள். எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் பிடித்ததே அந்தக் காத்திருப்புதான்.

படி 1: எந்த இதழ் என்று முடிவு செய்யுங்கள்

அமெரிக்காவில் மூன்று பெரிய இதழ்கள் இருந்தன, மூன்றின் பெயரும் தந்திக்காரர்களின் சங்கேதத்திலிருந்து வந்தவை. 'க்யூஎஸ்டி' என்றால் எல்லா அமெச்சூர்களுக்குமான பொது அழைப்பு. 'சிக்யூ' என்றால் யார் வேண்டுமானாலும் பதில் சொல்லுங்கள் என்று விடுக்கும் அழைப்பு. '73' என்றால் பேசி முடித்து விடைபெறும்போது சொல்லும் நல்வாழ்த்து.

க்யூஎஸ்டி 1915 டிசம்பரில் தொடங்கியது. ஹைரம் பெர்சி மேக்சிமும் கிளாரன்ஸ் டஸ்காவும் ஏஆர்ஆர்எல் என்ற அமெரிக்க ஹாம் சங்கத்தைத் தொடங்கிய அடுத்த ஆண்டு அது. முதல் உலகப் போரின்போது 1917ல் நின்றுபோய் 1919ல் மீண்டும் வந்தது. சிக்யூ 1945 ஜனவரியில் தொடங்கி 2023 வரை வந்தது. 73 இதழை வேன் கிரீன் 1960 அக்டோபரில் தொடங்கினார், அது 2003 வரை வந்தது. பிரிட்டன் பக்கம் போனால் 1913ல் தொடங்கிய 'வயர்லெஸ் வேர்ல்ட்' இருக்கிறது. அது ஹாம்களுக்கு மட்டுமான இதழ் இல்லை என்றாலும் விட்டுவிடாதீர்கள். செயற்கைக்கோள் வழியாக உலகம் முழுவதும் தொடர்பு கொள்ளலாம் என்று ஆர்தர் சி. கிளார்க் எழுதிய கட்டுரை அதன் 1945 அக்டோபர் இதழில்தான் வந்தது. பின்னாளில் இலங்கையில் குடியேறி, 2008ல் கொழும்பில் மறைந்தாரே, அவரேதான்.

சர்க்யூட் செய்து பார்க்க ஆசை என்றால் 1960களின் 73 இதழ்களை எடுங்கள், அதில் டிரான்சிஸ்டரும், அதற்கு முன் இருந்த கண்ணாடிக் குழாய் வால்வும் அருகருகே இருக்கும். கதை போலப் படிக்க வேண்டும் என்றால் 1920களின் க்யூஎஸ்டியை எடுங்கள். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்கினால் எதுவும் முடியாது.

படி 2: காசு செலவழிக்கும் முன் ஸ்கேனில் படியுங்கள்

இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் 73 இதழ்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. வேர்ல்ட் ரேடியோ ஹிஸ்டரி என்ற தளத்தில் வயர்லெஸ் வேர்ல்டும் இன்னும் பல பழைய வானொலி இதழ்களும் உள்ளன. தேடும்போது இதழின் பெயரையும் ஆண்டையும் ஆங்கில எழுத்தில் கொடுங்கள். இறக்கிய கோப்புகளுக்கு முதலில் ஆண்டு, பிறகு மாத எண் என்று பெயர் வையுங்கள், வரிசை தானாக அமைந்துவிடும். போனில் படித்தால் சர்க்யூட் படங்கள் கண்ணை வாட்டும். டேப்லட்டோ கணினியோ நல்லது.

படி 3: ஒரு தொடர்கதையைப் பின்தொடருங்கள்

சரி, முதல் பயிற்சிக்கு நான் எல்லோருக்கும் சொல்வது 1921 முதல் 1924 ஜனவரி வரையான க்யூஎஸ்டிதான்.

பின்னணி இது. 1912ல் வந்த அமெரிக்கச் சட்டம் அமெச்சூர்களை 200 மீட்டருக்கும் அதற்குக் கீழான அலைநீளங்களுக்கும் ஒதுக்கியது. அந்தச் சிற்றலைகள் எதற்கும் உதவாது என்று அன்றைக்குப் பெரிய நிறுவனங்கள் நம்பின. அந்த அலைகளிலேயே அட்லாண்டிக்கைத் தாண்டிக் காட்டலாம் என்று ஹாம்கள் கிளம்பினார்கள். 1921 பிப்ரவரியில் முதல் முயற்சி, கடலுக்கு அந்தப் பக்கம் யார் காதிலும் எதுவும் விழவில்லை. தோல்வியைச் சொல்லும் பக்கங்களை அவசரமாகத் தாண்டாதீர்கள். கேட்பவர்களின் ரிசீவரில் குறையா, அனுப்புகிறவர்களிடம் சக்தி போதவில்லையா என்ற கேள்விதான் அடுத்து நடந்ததற்கெல்லாம் வித்து.

அதன் பிறகு அமெரிக்காவிலிருந்தே ஓர் ஆளை அனுப்புவது என்று முடிவானது. பால் காட்லி என்ற அமெரிக்க ஹாம் கப்பலேறிப் போனார். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஆர்ட்ராசன் என்ற ஊருக்கு வெளியே, கடலோர வயலில் ஒரு கூடாரம் அடித்தார். தாழ்ந்த கம்பங்களில் சுமார் 1300 அடி நீளத்துக்கு ஏரியல் கம்பி இழுத்தார். டிசம்பர் மாதம், வெளியே காற்றும் மழையும். இருட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரவிரவாக உட்கார்ந்திருந்தார். டிசம்பர் 8 அன்று அமெரிக்க ஹாம் ஒருவரின் சிக்னல் கேட்டது. சில நாளில் கனெக்டிகட் மாநிலத்தின் கிரீனிச்சிலிருந்து 1பிசிஜி என்ற நிலையம் அனுப்பிய முழுச் செய்தியும் வந்து சேர்ந்தது. அது ஒரு சின்ன வாழ்த்துச் செய்தி, அடியில் ஆறு பெயர்கள். அதில் ஒன்று ஆம்ஸ்ட்ராங். பின்னாளில் எஃப்எம் ஒலிபரப்பை உருவாக்கிய எட்வின் ஆம்ஸ்ட்ராங்தான். காட்லி கூடாரத்துக்குள் வைத்திருந்த சூப்பர்ஹெட் வகை ரிசீவரும் ஆம்ஸ்ட்ராங்கின் கண்டுபிடிப்புதான்.

காட்லியின் அறிக்கை 1922 பிப்ரவரி இதழில் இருக்கிறது. ஆனால் நேராக அங்கே போய்விடாதீர்கள். அதற்கு முந்தைய மாதங்களைப் படித்துவிட்டுப் போனால்தான் அந்தக் கூடாரத்துக்குள் நீங்களும் உட்கார முடியும்.

கதை இன்னும் முடியவில்லை, கேட்டது ஒரு பக்கம்தானே, பதில் பேச வேண்டாமா? பிரான்சின் நீஸ் நகரத்து ஹாம் லியான் டெலாய் 1923ல் அமெரிக்காவுக்கே வந்து கற்றுக்கொண்டு திரும்பினார். அந்த நவம்பரில் சுமார் 110 மீட்டர் அலையில் அவருக்கும் அமெரிக்க ஹாம் ஃபிரெட் ஷ்னெல்லுக்கும் இருவழித் தொடர்பு கிடைத்தது. சிறிது நேரத்தில் இன்னொரு அமெரிக்க ஹாம் ஜான் ரைனார்ட்ஸும் சேர்ந்துகொண்டார். 1924 ஜனவரி இதழ் அந்தச் செய்தியோடு வருகிறது. மூன்று வருட இதழ்களைத் தாண்டி அந்தப் பக்கத்துக்கு நான் வந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. எழுந்து போய் ஒரு டீ போட்டுக்கொண்டு வந்து மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

படி 4: பழைய சொற்களுக்கு ஒரு குறிப்பேடு

நடுவில் சில சொற்கள் இடறும், ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கண்டென்சர் என்பது இன்றைய கெப்பாசிட்டர். கிலோசைக்கிள், மெகாசைக்கிள் என்றிருந்தால் கிலோஹெர்ட்ஸ், மெகாஹெர்ட்ஸ் என்று படியுங்கள். மைக்ரோமைக்ரோஃபாரட் என்பது இன்றைய பைக்கோஃபாரட், எண்ணை மாற்றவே வேண்டாம். அலைநீளம் மீட்டரில் இருந்தால் 300ஐ அதனால் வகுங்கள், மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். 200 மீட்டர் என்றால் 1.5 மெகாஹெர்ட்ஸ்.

விளம்பரங்களையும் படியுங்கள். 1919 தொடங்கி ஐந்தாறு வருட விளம்பரங்களை மட்டும் புரட்டினாலே மின்பொறியால் சிக்னல் அனுப்பிய ஸ்பார்க் கருவிகள் மெல்ல மறைந்து வால்வுகள் அந்த இடத்துக்கு வருவது தெரியும். 

படி 5: காகித இதழ்களை வாங்குவது

ஸ்கேனில் ஓராண்டு படித்த பிறகு வாங்குங்கள், எது வேண்டும் என்று அப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பெரும்பாலும் இதழின் விலையைவிடத் தபால் செலவு கூடுதலாகிவிடும். அதனால் உள்ளூரில் தேடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நடைபாதைப் புத்தகக் கடைகள், எடைக்கு வாங்கும் பழைய பேப்பர் கடைகள், எல்லாவற்றுக்கும் மேலாக மூத்த ஹாம்களின் வீடுகள். ஒரு ஹாம் காலமானால் ரேடியோவைக் கேட்டு யாராவது வருவார்கள், பரணில் இருக்கும் இதழ்க்கட்டு எடைக்குப் போய்விடும். உங்கள் ஊர் ஹாம் சங்கத்தில் இப்போதே சொல்லி வையுங்கள்.

அப்படித்தான் எனக்கு ஒரு கட்டு கிடைத்தது. ஒரு பெரியவரின் மகள், "அப்பா இதைத் தொடவே விடமாட்டாருங்க" என்று சொல்லிக் கொடுத்தார். 60களின் இதழ் ஒன்றில், ஒரு சின்ன ரிசீவர் சர்க்யூட்டில், 100 என்று அச்சிட்டிருந்த கண்டென்சர் மதிப்பைப் பென்சிலால் அடித்து, பக்கத்தில் 68 என்று எழுதியிருந்தார். கீழே ஒரு தேதி, வேறு எதுவும் இல்லை.

வாங்கும்போது நடுப்பக்கம் இருக்கிறதா, ஸ்டேப்பிள் துருப்பிடித்துத் தாளைத் தின்றிருக்கிறதா, கூப்பன்களை வெட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். பென்சில் குறிப்பு இருந்தால் கூடுதல் காசு கொடுத்தும் வாங்கலாம் என்பேன்.

படி 6: பாதுகாப்பது

நம் ஊர் ஈரக்காற்றும் ராமபாணப் பூச்சியும்தான் எதிரிகள். வந்த கட்டை உடனே அலமாரியில் வைக்காமல் நிழலில் ஒரு நாள் விரித்து வையுங்கள், மென்மையான பிரஷ்ஷால் தூசு தட்டுங்கள். துருப்பிடித்த ஸ்டேப்பிளைப் பக்குவமாக எடுத்துவிட்டுப் பருத்தி நூலால் தைக்கலாம். அலமாரி சுவரை ஒட்டி இருக்க வேண்டாம். வசம்பைத் துணியில் முடிந்து தட்டின் மூலையில் வையுங்கள், தாளில் படக்கூடாது. செல்லோடேப் மட்டும் வேண்டவே வேண்டாம். ஆரம்பத்தில் நான் ஒட்டிய மூன்று அட்டைகளில் இன்று பிசின் பழுப்பாக ஊறி நிற்கிறது. க்யூஎஸ்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: 1976 ஜனவரி முதல் அதன் அளவு பெரிதானது, தட்டின் உயரத்தை அதற்கேற்ப வையுங்கள்.

படி 7: ஒன்றையாவது செய்து பாருங்கள்

முதலில் ரிசீவர் மட்டும். டிரான்ஸ்மிட்டர் என்றால் லைசென்ஸ் கட்டாயம். வால்வு சர்க்யூட்களில் 200, 300 வோல்ட் ஓடும், சுவிட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். அதனால் பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர் ரிசீவராகப் பார்த்து எடுங்கள். செய்யும் முன் அடுத்த ஆறு மாத இதழ்களில் திருத்தம் ஏதாவது வந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

நான் அந்தப் பென்சில் குறியிட்ட சர்க்யூட்டை எடுத்தேன். முதலில் அச்சில் இருந்தபடியே 100 போட்டேன், ஆசிலேட்டர் (ரிசீவருக்குள் அலையை உண்டாக்கும் பகுதி) கிளம்பவில்லை. 68 போட்டதும் ஹெட்போனில் உஸ்ஸென்று ஒரு சத்தம், திருகத் திருக நிலையங்கள். அப்புறம்தான் நானே சொன்ன விதியை நினைத்துக்கொண்டு பெரியவரின் கட்டில் அடுத்தடுத்த இதழ்களைப் புரட்டினேன். மூன்று இதழ் தள்ளி, கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் திருத்தம் இருந்தது: 100 என்பதை 68 என்று படிக்கவும். பெரியவரின் பென்சில் தேதியைப் போய்ப் பார்த்தேன். அந்தத் திருத்தம் அச்சாவதற்கு ஏழு வாரம் முன்பாகவே அவர் அதைக் கண்டுபிடித்திருந்தார்.