வாட்டில மணம் தாங்கேலாமல் ஓங்காளிக்கிற புது மிஸ்ஸிமாருக்கு

ட்ரெயினிங் காலத்தில ஒரு ஐயாவுக்கு சீனி வருத்தத்தால வந்த கால் புண், கட்டை அவிழ்க்கேக்க வந்த மணத்தில ஓடிப்போய் சிங்கில சத்தி எடுத்தனான். திரும்பி வரேக்க, "பிள்ளை, மன்னிச்சுக் கொள்ளு" எண்டார். அவர் என்னட்ட மன்னிப்புக் கேக்கிறார்!

கையுறை, கை கழுவுறதெல்லாம் உங்களுக்குத் தெரியும், விடுறன்.

1. வெறும் வயித்தோட போகாதேங்கோ, ரெண்டு துண்டு பாணாவது சாப்பிடுங்கோ. சேலைன், கோஸ், குப்பை பேக் எல்லாம் முதலே ட்ரொலியில இருக்கவேணும், பேக்கின்ர வாய் திறந்தபடி.

2. மாஸ்க். நான் மாட்டுப்பட்டது இதிலதான். எல்லாரும் சொல்லுகினம் எண்டு சித்தாலேப பாமை மூக்குக்குக் கீழ அப்பிக்கொண்டு போனன், மெந்தோல் குளிர்ச்சியில மூக்கு திறந்தமாதிரித்தான் இருக்கும், மணம் போகாது, கண்ணால தண்ணி ஓடுது, கையுறை போட்ட கையால துடைக்கவும் ஏலாது. இப்ப பஸ்ஸில ஆரும் பாம் பூசினாலும் எனக்கு அந்தக் கால்தான் ஞாபகம் வரும். ஒக்சிசன் குடுக்கிற இடத்தில எண்ணெய்ப் பசையான பாம் கூடவே கூடாது. சர்ஜிக்கல் மாஸ்க் துளியைத்தான் தடுக்கும், மணம் வாயு, அது உள்ள வரும். அதால நான் ரெண்டு மாஸ்க் போட்டு நடுவில தேசிக்காய்த் தோல் மெல்லிசாச் சீவி ஒரு துண்டு வைக்கிறனான். ஒக்சிசன் இல்லாத இடமெண்டா பெப்பர்மின்ட் எண்ணெயும் ஒரு துளி விடலாம், ஆனா என்ர வோட்டு தேசிக்காய்க்குத்தான், வளவுக்குள்ளயே காய்க்குது. சென்ட் அடிச்சுக்கொண்டு போகாதேங்கோ, பக்கத்துக் கட்டில்காரருக்குத் தொய்வு இருந்தா அவர்பாடு அரியண்டம்.

3. முதல் ரெண்டு மூண்டு நிமிசம் வாயால மூச்சு விடுங்கோ, பிறகு மூக்கு தானாப் பழகும். இடையில வெளிய ஓடிப்போய் காத்து வாங்கிக்கொண்டு வந்தா திரும்ப முதலில இருந்துதான், எனக்கு இது விளங்கவே ஆறு மாசம்.

4. கழட்டின கட்டை உடன பேக்கில போட்டு இறுக்கிக் கட்டி வெளியால அனுப்புங்கோ. புண் மணக்கிறது கனக்க காத்தில்லாமல் வாழுற கிருமியளால, கழுவித் துப்பரவாக்கினாத்தான் குறையும். குறையேல்லை எண்டா டொக்டரிட்டச் சொல்லுங்கோ, அதுக்கு மெட்ரோனிடசோல் மாதிரி மருந்திருக்கு. பச்சைச் சீழோட ஒரு இனிப்பு மணம், தார் மாதிரிக் கறுப்பா வெளிக்குப் போற மணம், இதெல்லாம் கட்டாயம் எழுதி வைக்கவேணும். இதுகளைக் கண்டுபிடிக்க மணம் தெரியவேணும், அதால மூக்கை முழுசா அடைக்கவேண்டாம்.

5. மாஸ்க் போட்டாலும் கண் காட்டிக்குடுக்கும். கதை குடுங்கோ. தோட்டக்கார ஐயா எண்டா "இந்தமுறை வெங்காயம் என்ன விலைக்குப் போச்சு?" எண்டு கேளுங்கோ, நீங்கள் கட்டி முடிச்சாலும் அவர் முடிக்கமாட்டார்.

பிறகு சேர்த்தது: வீட்டை போனாலும் மூக்குக்குள்ள மணம் நிக்குது எண்டு ஒரு தங்கச்சி கேட்டிருந்தா. யூனிபோமை ஆஸ்பத்திரியிலயே மாத்துங்கோ, தலைமயிரிலதான் கனக்க நிக்கும், முழுகுங்கோ. உப்புத் தண்ணியால மூக்கு கழுவலாம், ஆனா கிணத்துத் தண்ணியை அப்பிடியே விடாதேங்கோ, கொதிக்க வைச்சு ஆறின தண்ணி மட்டும்.