பிள்ளையின் போனைக் கண்காணிக்கும்போது பெற்றோர் சறுக்கும் இடங்கள்

இரவு பத்து மணிக்கு வைஃபை பெட்டியை அணைத்துவிட்டு நிம்மதியாகப் படுக்கப் போகும் வீடுகள் நிறைய. பையன் போனில் தினசரி டேட்டா தீராமல் கிடப்பது யார் நினைவுக்கும் வருவதில்லை. ரவுட்டரில் 1.1.1.3 என்ற குடும்ப டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அதன் இணைய முகவரியைத் தேடித் தரும் சேவை) முகவரியைப் போட்டால் ஆபாசத் தளங்கள் பெருமளவு அடைபடும், உண்மைதான். ஆனால் அந்தக் காவல் வீட்டு வைஃபையோடு சரி. மொபைல் டேட்டாவுக்கு மாறினாலோ, இணையப் போக்குவரத்தை வேறு வழியாகத் திருப்பிவிடும் ஒரு விபிஎன் செயலியைப் போட்டாலோ காவல் இல்லை.

அடுத்தது வயது. அப்பாவின் கூகுள் கணக்கிலேயே யூடியூப் பார்க்கும் எட்டு வயதுப் பிள்ளையை அந்தத் தளம் நாற்பது வயது ஆளாகத்தான் நடத்தும். இன்ஸ்டாகிராமில் சேர்வதற்காகப் பிறந்த ஆண்டை மாற்றிப் போட நாமே சொல்லிக்கொடுக்கிறோம். பதின்வயதினருக்கென்று அவர்கள் வைத்திருக்கும் பாதுகாப்பு அத்தோடு போயிற்று. சரியான பிறந்த தேதியோடு தனி கூகுள் கணக்கு தொடங்கி, பெற்றோர் கண்காணிப்புக்கான ஃபேமிலி லிங்க் செயலியில் இணைப்பது பத்து நிமிட வேலை.

பிள்ளைக்குத் தெரியாமல் உளவு செயலி போடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வீட்டுத் தேவைக்கான பயன்பாட்டுக்கு விலக்கு தருகிறது; ஆகவே மகளின் போனைப் பார்த்த அம்மா மேல் அந்தச் சட்டம் பாயாது. சிக்கல் வேறு. பிள்ளையின் படங்களும் அரட்டைகளும் முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்தின் சர்வருக்குப் போகின்றன. எம்ஸ்பை என்ற செயலியின் தரவுகள் 2015, 2018, 2024 என மூன்று முறை கசிந்தன. பிள்ளைக்கு 18 முடிந்துவிட்டால் கணக்கே வேறு: அனுமதியில்லாமல் அவர் போனுக்குள் நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவில் இழப்பீடு கேட்க அவருக்கு வழி உண்டு.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஏதாவது கண்ணில் பட்ட பிறகு நடப்பது. போனில் ஒரு சிறுமியின் அந்தரங்கப் படம். பதறிப்போன பெற்றோர் அதை 'ஆதாரம்' என்று மாமாவுக்கும், வகுப்பு வாட்ஸப் குழுவுக்கும் அனுப்புகிறார்கள். அனுப்பிய கணமே அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு அவர்களையும் தொடுகிறது: முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். இப்படிப்பட்ட படங்களை வைத்திருப்பது பற்றிய சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்து, சட்டத்தை இன்னும் இறுக்கமாகவே விளக்கியது. எனவே யாருக்கும் அனுப்பாதீர்கள், பதற்றத்தில் அழிக்கவும் வேண்டாம். அனுப்பியவரின் கணக்குப் பெயர், எண், நேரம் மூன்றையும் தாளில் குறித்துக்கொண்டு, தாமதிக்காமல் அந்தப் போனோடு காவல் நிலையம் போங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

படத்தை வைத்து யாரோ பிள்ளையை மிரட்டுகிறார்கள் என்றால், போனைப் பிடுங்கி நாலு அறை வைப்பதுதான் வழக்கமான முதல் வேலை. மிரட்டுபவன் கையில் உள்ள பெரிய ஆயுதமே "உங்கப்பாகிட்ட சொல்லிடுவேன்" என்பதுதான். அவன் சொல்வதற்குள் பிள்ளையே வந்து சொன்னால், அன்று போனைப் பிடுங்காதீர்கள்.