மன்ற நிர்வாகிகளே, இதையெல்லாம் செய்யாதீர்கள்

எங்கள் பொறியியல் கல்லூரியில் மாணவர் மன்றங்களுக்கு ஆசிரியப் பொறுப்பாளராக இருக்கிறேன். படிக்கும் காலத்தில் நாங்கள் சொதப்பிய அதே இடங்களில்தான் ஒவ்வொரு பேட்சும் வந்து விழுகிறது. போஸ்டரில் எழுத்துப்பிழை, மைக் கோளாறு, சீஃப் கெஸ்ட் தாமதம் இதெல்லாம் இங்கே வேண்டாம். ஒரு நிகழ்ச்சி நடத்தினால் தானாகப் பழகிவிடும்.

பதிவுக் கட்டணத்தை ஒருவரின் ஜிபேயில் வாங்குவது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். சிம்போசியம் அறிவித்ததும் ட்ரெஷரர் தன் சொந்த க்யூஆரைப் போஸ்டரில் போட்டுவிடுவார். அவசரத்துக்குச் சுலபம், சரி. ஆனால் வீட்டிலிருந்து மெஸ் பணம் வருவதும் அதே கணக்கில், பிரியாணிக்குப் போவதும் அதே கணக்கிலிருந்து. நிகழ்ச்சி முடிந்து கணக்குக் கேட்டால் எது மன்றத்துப் பணம் என்று அவருக்கே தெரியாது. நேர்மையான பையனாக இருந்தாலும் ‘காசு அடிச்சுட்டான்’ என்று விடுதியில் பேச்சு கிளம்பிவிடும்.

தெரிந்த கல்லூரி ஒன்றில் இதைவிட மோசம். பணம் கட்டிய யாரோ ஒருவரின் கணக்கு சைபர் மோசடிப் புகார் ஒன்றில் சிக்கியிருந்தது. 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணில் புகார் பதிவானால், பணம் கைமாறிய கணக்குகளில் அந்தத் தொகையையோ, சில சமயம் முழுக் கணக்கையோ வங்கி நிறுத்திவைக்கும். ட்ரெஷரரின் கணக்கு முழுதாக முடங்கியது. அதுவும் நிகழ்ச்சிக்கு முந்தைய நாள். சாப்பாட்டுக்காரருக்குப் பொறுப்பாசிரியர் கைக்காசு போட்டார். அந்த மாணவரின் உதவித்தொகை வருவதும் அதே கணக்கில்தான். அதை விடுவிக்க அவர் அலைந்த அலைச்சலுக்கு எந்த மன்றமும் பொறுப்பேற்கவில்லை.

அப்புறம், ஸ்கிரீன்ஷாட். பணம் கட்டாமலே கட்டியதாகக் காட்டும் போலி ஆப்கள் இருக்கின்றன. படத்தைப் பார்த்து டிக் அடிக்காதீர்கள். 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண்ணை ஃபார்மில் வாங்கி, வங்கி ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிடுங்கள்.

கல்லூரிக் கணக்கிலேயே பணம் வாங்க, ஒரு மாதம் முன்பே அலுவலகத்தில் கடிதம் கொடுங்கள். ஹெச்ஓடி கையெழுத்து, முதல்வர் கையெழுத்து என்று அலைய விடுவார்கள். அலையுங்கள்.

ஸ்பான்சர் ‘தரேன்’ என்றதை வரவில் எழுதுவது

வந்த பிறகு எழுதுங்கள்.

ஓடி (ஆன் டியூட்டி) லிஸ்டைத் தள்ளிப்போடுவது

தேர்வெழுத 75 சதவீத வருகை வேண்டும். மன்ற வேலையில் இருந்ததற்கு வருகை தரும் ஓடி கையெழுத்தாகவில்லை என்றால், ஆடிட்டோரியத்தில் நாற்காலி தூக்கிய முதலாமாண்டு மாணவனுக்கு ஆப்சென்ட்தான். அடுத்த வருடம் அவன் உங்கள் பக்கமே வரமாட்டான்.

என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) நேரத்தை ‘அப்புறம் எழுதிக்கலாம்’ என்பது

2 ஆண்டுகளில் 240 மணி நேரம் காட்ட வேண்டும். அன்றன்றே எழுதுங்கள்.

சீனியர் நம்பரில் மன்றத்தின் இன்ஸ்டா

ஓடிபி அவர் போனுக்குத்தான் போகும். வேலையில் சேர்ந்த பிறகு நம்பரையே மாற்றியிருப்பார். மன்றத்துக்கென்று ஒரு மெயில் தொடங்கி, கணக்கை அதற்கு மாற்றுங்கள். ஃபேர்வெல் அன்று சீனியரிடம் ஓடிபி கேட்டால் செல்ஃபி எடுக்கவே நேரம் போதாது. அதற்கு முந்தைய வாரமே பிடித்து உட்கார வைத்து வாங்கிவிடுங்கள்.